ராசாவின் பங்கு

“சாப்பிட்டீங்களா” என்று யாரும் கேட்டு முடிப்பதற்குள் “ஆச்சுங்க, இப்பத்தான்” என்று சொல்லிவிடுவார் அந்த அக்கா. ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவரிடம், பேச வேறு ஒன்றும் தோன்றாமல் அதைக் கேட்டுவிட்டேன். “ஆச்சு கண்ணு, இப்பத்தான்” என்றார். அப்போது பால்காரர்கூட வந்திருக்கவில்லை. உள்ளே வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பீளமேட்டில் கல்லூரிகளுக்குப் பின்புறம் ஒரு தெருவில் நாங்கள் குடியேறி, கீழ்ப் பகுதியில் மெஸ் ஆரம்பித்த புதிது. கல்லூரிப் பிள்ளைகளும் கம்பெனி வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்களும் மதியம் வந்து சாப்பிட்டுப் போவார்கள். சமையல் என்னுடையது. இலை போட்டுப் பரிமாறி எடுக்க செல்வி என்ற பெண் கூட இருந்தாள். எங்களுக்கு நாலைந்து வீடு தள்ளி அந்த அக்காவின் வீடு. தெருவிலேயே பெரியது அதுதான். இரும்புக் கேட், தேக்குக் கதவு, பின்னால் முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை. அவருடைய கணவர் கிரைண்டர் பட்டறை நடத்தியவர், ஒரு காலத்தில் அவரிடம் சம்பளம் வாங்காத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு என்று முக்கு பேக்கரிக்காரர் சொல்லுவார். பட்டறை நொடித்துப்போய், கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார். வீட்டின் மேல் பங்காளிகள் கேஸ் போட்டிருந்தார்கள். அதனால் விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. ஒரே மகளைக் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அத்தனை பெரிய வீட்டில் அவரும் ராசாவும் மட்டும்தான்.

ராசா என்பது நாய். லேப்ரடார் ஜாதி. யாரோ வீடு காலி செய்துகொண்டு போகும்போது தெருவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, மாட்டுக்கென்று முன்பு கட்டியிருந்த தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டதாம். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ராசாவோட அம்மா.

அந்த நாயின் பசியைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். பேக்கரியில் யாராவது தேங்காய் பன்னைப் பிய்க்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்ளும். எச்சில் ஒழுக, கண்ணை இமைக்காமல் பார்க்கும். பாதி பன்னைக் கொடுத்தால் ஒரே விழுங்கு, மறுபடியும் அதே பார்வை. பன் சுற்றிய காகிதத்தையும் தின்னும். துணி துவைக்கும் சோப்பைத் தின்றிருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் தன் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு மதில்மேல் காக்காய்க்கு வைத்த சோற்றை, எம்பி இழுத்து இலையோடு தின்றுவிட்டது. அந்த அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். எதிர் வீட்டுக்காரர் நல்ல மனுசர். “விடுங்க, எங்கப்பனும் இப்படித்தான். எத்தன போட்டாலும் பத்தாதும்பாரு” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சிவந்துபோய் நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

நாயிடம்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். “ஏனுங்க ராசா, ஒரு அளவு வேண்டாமுங்களா? நாலு பேரு பாக்கறாங்கல்ல? நம்மள என்னன்னு நெனைப்பாங்க?” என்று கேட்டுக்கொண்டே போவார். ராசா வாலை ஆட்டிக்கொண்டு, வழியில் கிடக்கும் எதையாவது கவ்விக்கொண்டு கூடவே போகும்.

ஒரு தடவை தெருமுனையில் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் முகாம் நடந்தது. வந்திருந்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு அவரிடம் சொன்னார்: “இந்த ஜாதில சில நாய்ங்க இப்படித்தாம்மா. வயிறு நெறஞ்ச சேதி மண்டைக்குப் போகாது. நீங்க என்ன போட்டாலும் அது பட்டினி கெடந்த மாதிரிதான் பாக்கும்.” திரும்பி வரும்போது அக்கா என்னிடம், “கேட்டியா கண்ணு? வெக்கமே இல்லாம யாருகிட்ட வேணாலும் போயி வாயத் தொறக்கறான். அதுக்கும் ஒரு குடுப்பினை வேணுமாட்ட இருக்குது” என்றார். நாயைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மெஸ் ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே அவர் வந்து கேட்டார். “மிஞ்சுன சோறு கொளம்பு இருந்தா ராசாவுக்குக் குடுக்கறயா கண்ணு? வீணாப் போறதுக்கு அது திங்கட்டும்.” எனக்கும் நல்லதாகப் போயிற்று. மிஞ்சுவதைக் கொட்ட இடமில்லாமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தினமும் கூட்டம் கலைந்தபின் மூன்று மணி வாக்கில் மூடி போட்ட ஒரு தூக்குப் போசியோடு வருவார். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கட்டிய பருத்திச் சேலை, ஈரம் காயாத தலைமுடி. மறுநாள் அந்தப் போசி காலியாக வராது. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு முருங்கைக்காய், ஒரு எலுமிச்சம்பழம், ஏதாவது அதில் இருக்கும். “வெறும் போசியக் கொண்டாந்து நீட்டலாமா?” என்பார்.

ஒரு வாரம் போனதும் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். “கண்ணு, எலைல மிஞ்சுனத வழிச்சுப் போட வேண்டாம். சட்டில மிஞ்சுனது மட்டும் போதும். எலைச் சோறு ராசாவுக்கு ஒத்துக்கறதில்ல. வயித்தால போவுது.”

அதற்கு முன் ஒரு வாரமும் செல்வி இலைகளில் கிடந்ததையும் வழித்து அந்தப் போசியில்தான் போட்டிருந்தாள். நாய்க்குத்தானே என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் போனபிறகு செல்வி, “சோப்பத் தின்னா ஒத்துக்குதாம், எலைச் சோறு ஒத்துக்காதாம்” என்றாள். இருவரும் சிரித்தோம். ஆனாலும் சொன்னபடி அன்றிலிருந்து சட்டியில் மிஞ்சியதை மட்டும் போட்டோம்.

அவர் சாப்பிட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கு அழைத்தாலும் முதல் ஆளாக வந்து, சந்தனம் குங்குமம் எடுத்துக்கொண்டு, மொய் வைக்க முடியாததால் கையால் கட்டிய பூச்சரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பந்தி போடும் நேரத்தில் கிளம்பிவிடுவார். “ராசா பசியோட கெடப்பான், வாரனுங்க” என்பார். போகும்போது பரிமாறுகிறவர்களிடம் போசியைக் கொடுத்து ராசாவுக்கென்று கொஞ்சம் வாங்கிக்கொள்வார். அவருக்கு நாய் மேல் பைத்தியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் போசியை எடுத்துக்கொண்டவர் மூடியை எங்கள் மேடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். முன்கதவு சாத்தியிருந்தது. அழைத்ததற்குப் பதில் இல்லை. பக்கவாட்டில் பின்புறம் போனேன்.

பின்வாசல் படியில் அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் போசி. முன்னால் ராசா. போசியிலிருந்து ஒரு உருண்டை பிசைந்து ராசாவின் வட்டலில் போட்டார். அடுத்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மறுபடியும் அதற்கு ஒன்று, தனக்கு ஒன்று. வேகமாக இல்லை, நிதானமாகத்தான். ராசா தன் உருண்டையை விழுங்கிவிட்டு, அவர் வாய்க்குப் போகும் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. “இது என்ற பங்குங்க ராசா. உங்க பங்கத் தின்னுபோட்டீங்கல்ல?” என்றார். அப்படியும் அது பார்வையை எடுக்கவில்லை. அவர் கையில் இருந்ததில் பாதியைப் பிட்டு அதற்கே போட்டுவிட்டார்.

ராசாதான் என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. அவர் திரும்புவதற்குள் நான் வந்த வழியே கால் சத்தம் கேட்காமல் திரும்பி, மூடியை முன்வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து வெகு நேரம் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். முதல் ஒரு வாரம் அந்தப் போசியில் போனதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. யாரோ கடித்துப் போட்ட முருங்கைச் சக்கை. மென்று துப்பிய மிளகாய். வயிற்றால் போனது ராசாவுக்கு இல்லை.

“நேரா கூப்பிட்டுச் சோறு போட்டா என்ன?” என்றார் என் வீட்டுக்காரர்.

“கூப்பிட்டா வருவாங்களா?”

“கேட்டுப் பாரேன்.”

என் மகளின் பிறந்த நாள் வந்தது. வற்புறுத்தி அழைத்தேன். வந்தார். குழந்தைக்கு ஒரு ரோஜாப்பூ கொண்டுவந்திருந்தார். செல்வி இலை போட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். “இப்பத்தான் கண்ணு சாப்ட்டுப்போட்டு வந்தேன். வவுத்துல எடமில்ல.” நான் கையைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். விட்டுவிட்டேன். பிறகு அப்படி அழைக்கவில்லை.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்ய ஆரம்பித்தேன். முதல் பந்திக்கு முன்பே நல்ல சோறும் குழம்பும் பொரியலும் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். ஆனால் அதைப் பார்த்தால் மிஞ்சியது போலத் தெரிய வேண்டும். பொரியலைக் கரண்டியால் கொஞ்சம் கலைத்து, சட்டி அடியில் ஒட்டியதைச் சுரண்டியதுபோல ஓரமாக அப்பி வைப்பேன். அவித்த முட்டையை முழுதாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று உடைத்துக் குழம்பில் விடுவேன். சமைத்ததைப் பார்வையாக எடுத்து வைக்கத்தான் எனக்குத் தெரியும். நல்ல சோற்றை மிஞ்சியதாகக் காட்டுவதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. செல்வி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் புரிந்திருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் பேக்கரிக்குப் போய்விட்டு அவர் வீட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தமானதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“சாப்டியாம்மா?” என்றது மகளின் குரல்.

“ஆச்சு சாமி. இன்னிக்கு அரிசிம்பருப்புச் சோறு வெச்சேன். கத்திரிக்கா பொரியலு. ஒரு முட்டைய ஒடச்சு விட்டேன்.”

“ஒருத்திக்கு எதுக்குங்க அத்தன சமையலு?” என்று பின்னாலிருந்து வயதான ஒரு பெண்ணின் குரல் கேட்டது. சம்பந்தியாக இருக்க வேண்டும்.

“இருந்தா என்னங்க, நம்ம வவுத்துக்குச் செஞ்சுக்கறதுதானுங்களே” என்றார் அக்கா. பிறகு மகளிடம், “பொரியல்ல உப்புத்தான் சித்த தூக்கலாப் போச்சு” என்றார்.

மறுநாள் நான் உப்பைக் குறைத்தேன். அன்று சாயங்காலம் போனில் என்ன சொன்னாரோ தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சமைக்கும்போது, இது காங்கேயத்தில் ஒரு மாமியாருக்கு முன்னால் சொல்லப்படப் போகும் சமையல் என்ற நினைப்போடுதான் கரண்டியை எடுத்தேன்.

இப்போது அந்த வீடு இல்லை. கேஸ் முடிந்து பங்கு பிரித்து, அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அவர் கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். தேக்குக் கதவை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வீடு இல்லை, ஒரு மண்டபத்தின் பின்கட்டு.

தெருவில் ஒரு வீட்டில் காதுகுத்து. மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வழக்கம்போல அவர் பந்திக்கு உட்காராமல், சமையல் கட்டுப் பக்கம் போசியோடு போனார். நான் கை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரரும் பேக்கரிக்காரரும் அங்கேதான் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். சமையல் கான்ட்ராக்ட்காரரின் ஆள் புதுசு. அவருக்கு இவரைத் தெரியாது.

“ஏனுங் தம்பி, ஊட்டு நாய்க்குக் கொஞ்சம் சோறு வேணும்” என்றார் அக்கா.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. வேலை அவசரத்தில் இருந்தார். “நாய்க்குத்தானுங்களே? அதா பாருங்க பக்கெட்டு. எத்தன வேணுமோ அள்ளிக்குங்க. நல்ல சோத்த எதுக்கு நாய்க்குப் போட்டு வீணாக்கோணும்?”

இலைகளிலிருந்து வழித்ததெல்லாம் கொட்டிய பெரிய நீல நிற பக்கெட். சோறும் பாயசமும் அப்பளமும் மோரும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வெற்றிலைப் பாக்குக்கூட அதில் இருந்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ராசாவுக்கு என்ன, எதைப் போட்டாலும் ஒரே புடி புடிப்பான்” என்று பேக்கரிக்காரர் அன்பாகத்தான் சொன்னார். எதிர் வீட்டுக்காரர், “இருங்க, கரண்டி எடுத்துத் தாரேன்” என்று ஒரு கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொன்னாலும், நாய்க்கு நல்ல சோறு எதற்கு என்ற கேள்விக்கு அத்தனை பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பதில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பக்கெட்டுக்கு முன்னால் குனிந்து, ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று அள்ளிப் போசியை நிறைத்தார். ஓரத்தில் வழிந்ததைத் துடைத்தார். மூடியை அழுத்தி மூடினார். நிமிர்ந்து, “ரொம்ப நன்றிங்க தம்பி. அது வவுறு குளுந்து போகும்” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

கூடவே நடந்து போனேன். வழியெல்லாம் போசியைச் சேலையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காது குத்தும்போது குழந்தை அழுததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போனதும் பின்வாசலில் முழுவதையும் ராசாவின் வட்டலில் கவிழ்த்தார். அது வெற்றிலையோடு சேர்த்துத் தின்று, வட்டலை நக்கி, தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டியது. பிறகு வந்து அவரைப் பார்த்து உட்கார்ந்தது. இன்னும் வேண்டுமாம்.

“இன்னிக்குப் பூராவும் உங்களுக்குத்தானுங்க ராசா. பத்தலீங்களா?” என்று அதன் தலையைத் தடவினார். பிறகு குத்தவைத்துப் போசியைத் தேய்க்க ஆரம்பித்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார், கழுவினார், முகர்ந்து பார்த்தார், மறுபடியும் தேய்த்தார்.

“மண்டபத்துச் சோறு கண்ணு. மசாலா ஜாஸ்தி. வாசம் போக மாட்டீங்குது” என்றார்.

அன்று சாயங்காலம் இட்லி ஊற்றி, வேண்டுமென்றே இரண்டைப் பிய்த்துப்போட்டு, ராசாவுக்கென்று எடுத்துக்கொண்டு போனேன். கதவைப் பாதி திறந்தார். “அவனுக்கு இன்னிக்கு வவுறு நெறஞ்சுபோச்சு கண்ணு. வேண்டாம், நீ கொண்டு போ” என்றார். அவர் காலுக்கும் கதவுக்கும் இடையில் மூக்கை நுழைத்து இட்லி வாசத்துக்கு ராசா முனகிக்கொண்டிருந்தது. அவர் அதை முழங்காலால் மெல்ல உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அதற்கு அடுத்த வருசம் மழைக்காலத்தில் ராசா படுத்துவிட்டது. வயதாகிவிட்டது, கால்கள் வீங்கிவிட்டன. தின்பதை நிறுத்திக்கொண்டது. அந்த நாய் தின்னவில்லை என்றதும் தெருவே நம்பாமல் வந்து பார்த்தது. பேக்கரிக்காரர் தேங்காய் பன் கொண்டுவந்து பிய்த்துக் காட்டினார். அது கண்ணை மட்டும் திருப்பியது. அன்று மூன்று மணிக்கு அக்கா வந்தார், போசி இல்லாமல்.

“இன்னிக்குச் சோறு வேண்டாம் கண்ணு. அவன் தொட மாட்டீங்கறான். எடுத்து வெச்சுப்போட்டுக் காத்துட்டிருப்பியேன்னு சொல்லீட்டுப் போலாமுன்னு வந்தேன்.”

“பரவால்லீங்கக்கா, கொண்டு போங்க. சாயங்காலம் தின்னாலும் தின்னும்.”

“இல்ல கண்ணு. அவன் திங்காதப்ப வாங்கக் கூடாது.”

சாக்குக்குத்தான் நாய் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது தின்னும்போது அதன் பங்கில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். அது தின்னாதபோது அதன் பெயரைச் சொல்லி வாங்குவது திருட்டு. அவருடைய கணக்கு அப்படி இருந்தது. அந்த நாட்களில் அவர் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. முருங்கைக்கீரையாக இருக்கலாம்.

ராசா போய்விட்டது. எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்ட என் வீட்டுக்காரர் போனார். அதன்பிறகு அக்கா மெஸ் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் அதே கஞ்சிச் சேலை, அதே “ஆச்சு கண்ணு, இப்பத்தான்”. ஆனால் ரவிக்கை தோளில் தொங்கியது. சேலைக் கொசுவம் முன்பைவிட அகலமாகிக்கொண்டே போனது. பலகாரம் என்று செல்வியிடம் ஒரு தடவை கொடுத்தனுப்பினேன். தொடாமல், மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மெஸ்ஸுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு தெருநாய் சுற்றிக்கொண்டிருந்தது. ஒல்லியானது, பயந்த சுபாவம். இரண்டு நாள் சோறு வைத்துப் பழக்கி, ஒரு கயிற்றைக் கட்டி, அவர் வீட்டு கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏனுங்கக்கா, இதை மெஸ்ல வெச்சுக்க முடியல. சாப்பிட வர்ற பசங்க பயப்படறாங்க. உங்க ஊட்ல எடமிருக்குதுல்லங்க? நீங்க வெச்சுக்குங்க. சோறெல்லாம் நானே குடுத்தர்றேன்.” வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு. கடகடவென்று ஒப்பித்தேன்.

அவர் நாயைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். கயிறு புதுசு. கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எப்பத் தெரியும் கண்ணு?” என்றார்.

கயிற்றின் நுனியை விரலில் சுற்றினேன்.

“முட்டைய ஒடச்சு விட ஆரம்பிச்சயே, அதுக்கு முன்னாலயா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். முதல் நாளிலிருந்தே என் வேசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தினமும் வந்து போசியை நீட்டியிருக்கிறார். நானும் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே நீட்டியதை வாங்கி நிரப்பியிருக்கிறேன்.

“செல்விக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்குமுங்க.”

“உங்க ஊட்டுக்காரருக்கு?”

“தெரியுமுங்கக்கா.”

“காங்கேயத்துக்கு?”

“சத்தியமா இல்லீங்க.”

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கயிற்றைப் பிடித்தபடி தெருவில் நின்றேன். நல்லது செய்வதாக நினைத்து, அவர் மறைத்து வைத்திருந்த ஒன்றை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன். நாய் என் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். பிறகு அது எங்களிடமே இருந்துவிட்டது. கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை வைத்துவிடும் நாய் அது.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அவர் வெளியில் தலை காட்டவில்லை. வாசலில் கோலம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை, மதியக் கூட்டம் நிறைந்திருந்த நேரம். பையன்கள் இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் உள்ளே வந்தார். கையில் போசி இல்லை. நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தார், விசேசத்துக்குக் கட்டுவது. அவரைப் பார்த்து ஒரு பையன் எழுந்து இடம் விட்டான். அவர் உட்கார்ந்தார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் இலையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன்.

“அக்கா,” என்றேன்.

“பசிக்குது கண்ணு” என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். “நாளையிலிருந்து காலைல வந்து வெங்காயம் உரிச்சு, காயி நறுக்கிக் குடுத்துப்போடறேன். வேண்டாமுன்னு மட்டும் சொல்லிப்போடாத.”

“செரிங்கக்கா.”

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோறு போட்டேன். பருப்பு ஊற்றினேன். நெய்யைக் கொஞ்சம் கூடவே விட்டேன். யாரையும் பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். காது இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. பாதியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை. பொரியலை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். “இன்னும் கொஞ்சம் சோறு போடு” என்றார். போட்டேன். மறுபடியும் கேட்டார். எதிரில் இருந்த ஒரு பையன் நிமிர்ந்து பார்த்தான். அவரும் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இலையில் இடம் ஒதுக்கிக் காட்டினார். அங்கேயும் போட்டேன்.

“ரசம் இருக்குதா கண்ணு?” என்று கேட்டார்.

சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ரசம் சூடாகத்தான் இருந்தது.